அம்மைப்பாலும் வேப்பிலையும்

‘அம்மைப்பால்’ என்றொரு சொல் நம்மிடையே இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பலரின் புயத்திலே தேய்ந்த காசு போன்ற தழும்பொன்றைக் காணலாம். அது அம்மைப்பால் கட்டிய தழும்பு. பிறந்தவுடன் போடப்படும் காசநோய்த் தடுப்பூசியின் சிறு தழும்பை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது பெரியம்மைக்குக் காவலாகக் கீறப்பட்டது. அந்த நோயும் போய்விட்டது, தழும்பும் தலைமுறையோடு போய்க்கொண்டிருக்கிறது, சொல்லும் அகராதிக்குள் ஒதுங்கிவிட்டது.

அந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மை என்பது நோய்க்கும் பெயர், தாய்க்கும் பெயர், தெய்வத்துக்கும் பெயர். பசுவின் மடிக் கொப்புளத்திலிருந்து எடுக்கப்பட்ட நிணநீரை, ஒரு கூரிய கருவியால் பிள்ளையின் தோலைக் கீறி உள்ளே செலுத்தும் வேலைக்கு நம்மவர் வைத்த பெயர் ‘அம்மைப்பால் கட்டுதல்’. கீறல் மறைந்து பால் முன்னுக்கு வந்துவிட்டது. சென்னையிலே திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரையை நம்மவர் அறிவர். இந்தப் பசுவின் மருந்தைச் சக்தியே மனிதருக்கு அருளினாள் என்பதாக ஒரு புராண உரையாடலை அவர் எழுதிவைத்திருந்தார். தாய்மாரின் அச்சத்தைத் தெளிவிக்க அவருக்கு அதுவே வழியாகப் பட்டது. துரை முயன்று செய்ததை ஊர்ச்சனம் ஒரு சொல்லாலே செய்து முடித்தது என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் சொல் ஒத்துப்போன அளவுக்கு வீடு ஒத்துப்போகவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு எந்த மருந்து, யாருடைய மருந்து, யார் சொல்லி என்ற கேள்வி எழுந்தபோது தாய் ஒரு பக்கமும் தகப்பன் ஒரு பக்கமும் நின்ற வீடுகள் மட்டக்களப்பு வாவிக் கரைகளிலே பல இருந்திருக்க வேண்டும். சரித்திர நூல்கள் ஆளுநர்களின் பெயரையும் ஆணைகளின் ஆண்டையும் எழுதிவைத்திருக்கின்றன. அடுப்படியிலே நடந்த வழக்கை எழுதுவாரில்லை. இன்றைக்கு அந்த வழக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் களத்தைச் சொல்ல வேண்டும். வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. பட்டணமும் கச்சேரியும் ஆஸ்பத்திரியும் கிழக்கே அமைந்தன. நெல்லும் பாலும் தேனும் மேற்கே விளைந்தன. இடையிலே தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கடக்கும் மிதவையை இங்குள்ளவர்கள் ‘பாதை’ என்றே சொல்வார்கள். வேற்றூரார் கேட்டால் மயங்குவர். பாதை வரவில்லை, பாதை போய்விட்டது என்று இங்கே பேசுவது தெருவைப் பற்றியல்ல. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அந்தத் துறையிலும் பாதைதான் சனங்களைச் சுமந்தது. நோயாளியும் பாதைக்காகக் காத்திருந்துதான் போக வேண்டும்.

அடுத்தது வீடு. மட்டக்களப்பிலே வீடு பெண்ணுடையது. மகளுக்கு வீட்டையும் வளவையும் சீதனமாகக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வான். குடி என்பது தாய்வழியாக வருவது. பிள்ளை தாயின் குடியையே சேரும். கோயிலிலே எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, எந்த முறை என்பதெல்லாம் அதன்படிதான். கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதி முஸ்லிம்களிடையேயும் இந்தத் தாய்வழிக் குடிமரபு உண்டென்பது இந்த மண்ணின் தனித்தன்மை. பழைய முக்குவர் சட்டத்தின்படி ஒருவனுடைய முதுசம் அவனுடைய சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போயிற்று. கிறிஸ்தோபர் பிறிற்றோ இந்தச் சட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்டது 1876 இல். அதே 1876 இல்தான் விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டம் வந்து அந்த முறைமையைச் சட்டப் புத்தகத்திலிருந்து அகற்றியது. ஆனால் சட்டம் போனாலும் சீதன வீடு போகவில்லை. தாய்மாமனின் சொல்லுக்கிருந்த கனமும் போகவில்லை.

ஆகவே ஒரு பிள்ளை நோயில் விழும்போது, அது தாயின் வீட்டில், தாயின் குடியில், அம்மம்மாவின் கண்முன்னே விழுகிறது. தகப்பன் அந்த வீட்டிலே மதிப்புக்குரியவன்தான். ஆனாலும் வந்து சேர்ந்தவன். ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றம் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்தைப் பார்த்து, பிள்ளைக்கு முதற் பாதுகாவலன் தகப்பன் என்றது. வீடோ வேறு மாதிரி நினைத்தது. அரசாங்கம் தகப்பனோடு பேசியது. நோய் தாயோடு பேசியது.

பெரியம்மை எப்படிப்பட்டதென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். தொற்றிப் பன்னிரண்டு நாளளவில் காய்ச்சல் வரும். இடுப்பு முறிவதுபோல நோகும். பிறகு முகத்திலும் கைகால்களிலும் கொப்புளங்கள் நெருக்கமாக எழும்பும். நிரம்பும், சீழ்கட்டும், பொருக்காகும். தடுப்பு இல்லாதவர்களிலே நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்தார்கள். தப்பியவர்களிலே பலருக்கு முகம் வடுவாயிற்று, சிலருக்குக் கண் போயிற்று. நோய் வந்த பிறகு மாற்றுவதற்கு மருந்து எவரிடமும் இருக்கவில்லை. பரிசாரியிடமும் இல்லை, துரையிடமும் இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இந்த நோயை நம்மவர் நோய் என்று சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். வாசலிலே வேப்பங்குழை கட்டப்படும். அயலார் அதைக் கண்டால் உள்ளே வரமாட்டார்கள். வீட்டிலே மீன் இல்லை, இறைச்சி இல்லை, தாளிப்பு இல்லை. துணி வெளியே வெளுக்கப் போகாது. கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டும். நோயாளிக்கு இளநீரும் பழஞ்சோற்றுத் தண்ணீரும். கொப்புளம் தினவெடுத்தால் நகம் படாமல் வேப்பிலையால் வருடுவது. பொருக்கு உதிரத் தொடங்கியதும் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட தண்ணீரைத் தலைக்கு வார்ப்பது. இதிலே தெய்வ பக்தி எவ்வளவு, அனுபவ அறிவு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது இலகுவல்ல. குழை கட்டிய வாசல் ஒரு தொற்றுத் தடுப்பு நிலையமாகவே இயங்கியது என்று இன்றைய வைத்தியர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

வாவியின் இரு கரையிலும் கண்ணகை அம்மன் கோயில்கள் அமைந்திருப்பதற்கும் இந்த வெப்புக்கும் தொடர்பு உண்டு. சிலப்பதிகாரத்தின் முன்னே நிற்கும் உரைபெறு கட்டுரையை இலக்கிய நேயர்கள் நினைவுகூர்வீர்களாக. கண்ணகி மதுரையை எரித்த பின் பாண்டி நாட்டிலே மழை பொய்த்தது, வெப்புநோயும் குருவும் தொடர்ந்தன என்கிறது அது. குரு என்பது கொப்புளம். அம்மைநோய் என்றே பொருள் கொள்வர். வெற்றிவேற் செழியன் பலியிட்டு விழாச் செய்த பின்னரே மழை பெய்து நோய் நீங்கியது என்றும், அதைக் கேட்டு இலங்கைக் கயவாகு மன்னன் பத்தினிக்குக் கோயிலெடுத்தான் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டிலே நூலாக நின்ற கண்ணகி, மட்டக்களப்பிலே சடங்காக நிற்கிறாள். வைகாசி மாதத்திலே கோயிற் கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கண்ணகி வழக்குரையை இரவிரவாகப் பாடி, இறுதியிலே குளிர்த்தி பாடுவார்கள். எரிந்தவளைக் குளிர்விப்பது அது. அவள் குளிர்ந்தால் ஊர் குளிரும், பிள்ளைகளின் உடம்பு குளிரும். நோயிலே கிடக்கும் பிள்ளைக்காகத் தாய்மார் மடிப்பிச்சை எடுப்பதும், பிள்ளையைக் கோயிலுக்கு விற்று வாங்குவதாக நேர்வதும் இந்த நம்பிக்கையின் கிளைகள். வித்துவான் வி.சீ. கந்தையா அவர்கள் 1964 இல் வெளிவந்த ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூலிலே இந்த மரபுகளைத் தொகுத்துத் தந்திராவிட்டால் நாம் இன்று பாதியை இழந்திருப்போம்.

இந்த வீட்டுக்குள்தான் அம்மைப்பால் வந்தது. எட்வேட் ஜென்னர் தன் தோட்டக்காரனின் எட்டு வயது மகனுக்குப் பசு அம்மையைக் குத்திப் பார்த்தது 1796 மே 14 இல். அந்த நிணநீர் ஐரோப்பாவைக் கடந்து, கொன்ஸ்தாந்திநோப்பிள், பக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு வந்து, 1802 யூன் 14 இல் அங்கே ஒரு மூன்று வயதுச் சிறுமியின் கையிலே பலித்தது. அதே ஆண்டிலேயே இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. இங்கே வைத்திய மேலதிகாரியாக இருந்த தோமஸ் கிறிஸ்டி அதனை ஊக்கத்தோடு பரப்பினார். பத்து ஆண்டுகள் கழியுமுன்பே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இத்தீவிலே அம்மைப்பால் கட்டப்பட்டுவிட்டது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை.

ஆனால் அது பயணம் செய்த விதம்தான் நம்முடைய விஷயத்துக்கு முக்கியம். குளிரூட்டும் பெட்டி இல்லாத காலம். நிணநீரைக் குப்பியிலே அடைத்தால் வெயிலிலே செத்துவிடும். ஆகவே பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு, கையிலிருந்து கைக்கு அதைக் கொண்டுபோனார்கள். ஒரு பிள்ளைக்குக் கட்டி எட்டாம் நாளளவில் அதன் கொப்புளத்தைத் திறந்து, அங்கே ஊறும் நீரை அடுத்த பிள்ளைக்குக் கீறுவார்கள். நம் பிள்ளை மருந்து வாங்கினால் போதாது, மருந்து கொடுக்கவும் வேண்டும். முந்திய நாள் வரை காய்ச்சலில் இருந்த பிள்ளையை மறுபடி தூக்கிக்கொண்டு போய், இன்னொரு பிள்ளைக்காக அதன் புண்ணைத் திறக்கக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? யாருடைய பிள்ளையின் நீர் நம் பிள்ளைக்குள் போகிறது என்ற சாதிக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. அந்தக் கேள்வியை நான் நியாயப்படுத்தவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

ஸ்பெயின் தேசத்தார் இதற்குக் கண்ட வழி நெஞ்சை உறுத்துவது. 1803 இன் கடைசியில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பாலைக் கொண்டுபோக பல்மிஸ் என்ற வைத்தியர் கப்பலேறினார். கடலிலே கைக்குக் கை மாற்றுவதற்காக அவர் ஏற்றிக்கொண்டது இருபத்திரண்டு அநாதைச் சிறுவர்களை. அநாதைகள் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. கேட்பதற்கு அவர்களுக்குத் தாயுமில்லை, தகப்பனுமில்லை.

எங்கள் குடும்பத்திலே வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த ஒரு சம்பவத்தை இந்த இடத்தில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நூறு வருடத்துக்கு முந்திய படுவான்கரை. என் அம்மம்மாவுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. அவளுக்கு ஒரு தம்பி. தகப்பனார் பட்டணத்திலே ஒரு நெல் முதலாளியிடம் கணக்கப்பிள்ளை. கிழமைக்கு ஒருதரம் பாதையேறி வீட்டுக்கு வருவார். விதானையார் வீட்டு முற்றத்திலே அம்மைப்பால் கட்ட ஆள் வரப்போகிறதென்ற செய்தியையும் அவரே கொண்டு வந்தார். தாயார் ஒரே சொல்லில் மறுத்துவிட்டா.

“அம்மாள் நடமாடுற பூமியில, அவவுக்கு முன்னால கத்தி தூக்குறதோ?”

“புள்ள, அது கத்தியில்ல, சின்னக் கீறல். பட்டணத்தில துரைமாரிட புள்ளைகளுக்கும் அதத்தான் கீறுறாங்க.”

“துரைமாருக்கு அம்மாள் இல்ல. நமக்கு இருக்கா.”

அன்று தகப்பனார் அம்மம்மாவை மட்டும் கையிலே பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆண்பிள்ளையைத் தேடியபோது காணவில்லை. நெல்லுப் பட்டறைக்குள்ளே ஒளித்து வைத்திருந்தது யாரென்று எல்லாருக்கும் தெரியும், எவரும் கேட்கவில்லை. அம்மம்மா அந்தத் தழும்பைக் கடைசிவரை ஒரு நகையைப்போலக் காட்டுவா.

இரண்டு மழை கழிந்து அந்த ஊருக்கு நோய் வந்தது. தம்பிக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் முகத்திலே எழும்பிவிட்டது. இப்போது இரண்டாவது வழக்குத் தொடங்கியது. பிள்ளையைப் பாயோடு தூக்கிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார் தகப்பனார். “இஞ்சருங்க, அம்மாள் ஏறியிருக்கிற உடம்ப ஆறு தாண்டிக் கொண்டுபோகப் போறீங்களோ?” என்று வாசலை மறித்து நிற்கிறா தாயார். வாவியை இங்கே ஆறென்றே சொல்வார்கள். பேச்சு முற்றியபோது தாய்மாமன் வந்தார். வேப்பங்குழைக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னாராம்: “மச்சான், பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை. அம்மாள் வந்திருக்கா. அவ போற மட்டும் நீங்களும் பொறுங்க.” அதற்கு மேல் அந்த வீட்டிலே மேன்முறையீடு கிடையாது. தகப்பனார் இருபது நாள் வேலைக்குப் போகாமல் திண்ணையிலே இருந்தாராம். இளநீர் பறித்துக் கொடுப்பது அவருடைய வேலை.

பிள்ளை பிழைத்தான். இடது கண் போய்விட்டது. அவர்தான் பிற்காலத்திலே எங்கள் ஊர்க் கோயிலிலே வைகாசிக்கு வைகாசி வழக்குரை பாடியவர். ஏட்டை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பாடுவதை நான் சிறுவயதிலே கண்டிருக்கிறேன். அம்மாள் உயிரைத் திருப்பித் தந்தாள் என்று தாயார் சாகும்வரை சொன்னா. பட்டறைக்குள் ஒளித்ததற்குக் கண்ணை வாடகையாக எடுத்தாள் என்று தகப்பனார் சாகும்வரை சொன்னார். அவர்கள் இருவரும் ஒரே வீட்டிலேதான் கடைசிவரை இருந்தார்கள்.

வருடங்கள் போனபின் வைத்திய நூல்களைப் படித்தபோது இந்த இரண்டு வழக்குகளையும் நான் வேறுவேறாகப் பார்க்கத் தொடங்கினேன். முதல் வழக்கிலே தகப்பனார் சொன்னதே சரி. அந்தக் கீறல் இருந்திருந்தால் கண் இருந்திருக்கும். இதிலே எனக்கு ஐயமில்லை. இரண்டாவது வழக்கிலே தாயாரின் பக்கம் நியாயம் இருந்தது. ஏனென்றால், முன்னே சொன்னேனே, எழும்பிவிட்ட அம்மைக்கு ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை. தூய தண்ணீர், குளிர்ந்த உணவு, தனிமை, நகம் படாத காவல், பக்கத்திலே விழித்திருக்கும் ஒருத்தி, இவ்வளவும்தான் பிள்ளைக்கு வேண்டியிருந்தது, இவ்வளவும் அந்த வீட்டிலே கிடைத்தது. பாதையிலே ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோயிருந்தால் பாதையிலே வந்த எத்தனை பிள்ளைகளுக்கு அது தொற்றியிருக்கும் என்பதையும் எண்ண வேண்டும். ஆனால் தாயாரும் அறியாத ஒன்று உண்டு. தொற்றிய முதல் மூன்று, நான்கு நாளுக்குள் அம்மைப்பால் கட்டினால் நோய் வராமலே போகலாம், வந்தாலும் இலேசாக வரும். அயல் வீட்டிலே குழை கட்டப்பட்ட அன்றே பிள்ளையைக் கொண்டோடியிருந்தால் பயனிருந்திருக்கும். அந்த நாட்களிலேதான் வேறு பிள்ளைகளின் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளை ஒளித்தார்கள்.

இலங்கையிலே அம்மைப்பாலுக்கெனக் கட்டளைச்சட்டம் வந்தது 1886 இல். பிள்ளைக்கு அம்மைப்பால் கட்டுவிப்பது அதன் பிறகு பெற்றோர் மேல் விழுந்த சட்டக் கடமையாயிற்று. பெற்றோர் என்பது ஒரு சொல், ஆனால் இரண்டு ஆட்கள். அந்த இருவரும் முரண்பட்டால் என்ன செய்வது என்பது கட்டளை எழுதியவர்களின் கவலையாக இருந்திராது. தகப்பன் சொன்னால் வீடு கேட்கும் என்ற நினைப்பிலே இங்கிலாந்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். சீதன வீட்டுத் திண்ணையிலே குந்தியிருந்த ஒரு மட்டக்களப்புத் தகப்பனின் நிலை அவர்களுக்கு எங்கே தெரியும்?

இருந்தாலும் அவர்களுடைய நாட்டிலும் எல்லாம் அவர்கள் நினைத்தபடி நடக்கவில்லை. மேரி வேர்ட்லி மொண்டேகு சீமாட்டி துருக்கியிலே தூதுவரின் மனைவியாக இருந்தபோது, மனிதரின் அம்மைப் பாலையே கீறிவிடும் பழைய முறையை அங்கே கண்டாள். அவளுடைய சகோதரன் அம்மையில் இறந்தவன், அவளுடைய முகமும் அம்மையால் வடுப்பட்டது. 1718 மார்ச்சிலே, கணவன் ஊரில் இல்லாத சமயத்தில், அவனைக் கேளாமலே மகனுக்கு அதைச் செய்வித்துவிட்டுப் பிறகுதான் கடிதம் எழுதினாள். நம்முடைய கதையின் மறுபக்கம் இது. இங்கே தாய் ஒளித்தாள், அங்கே தாய் ஒளித்துக் கட்டுவித்தாள்.

காந்தியடிகளின் சுயசரிதையிலே வரும் ஒரு நிகழ்ச்சியும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 1902 இல் பம்பாயிலே பத்து வயது மணிலாலுக்கு நெருப்புக் காய்ச்சலும் நிமோனியாவும் சேர்ந்து கண்டன. முட்டையும் கோழி ரசமும் கொடுக்கச் சொன்னார் பார்சி வைத்தியர். காந்தி மறுத்து, நீர்ச் சிகிச்சையை நம்பி, ஈரத்துணியிலே பிள்ளையைச் சுற்றிவிட்டு, தாயின் பொறுப்பில் விட்டுக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார். நெஞ்சு நடுங்கியது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். பிள்ளை பிழைத்தான். வைத்தியரின் யோசனையைப் பிள்ளையிடமே சொல்லிச் சம்மதம் கேட்டதையும் எழுதுகிறார். அந்த அத்தியாயத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். கஸ்தூர்பா என்ன நினைத்தார் என்பதற்கு அதிலே இடமில்லை. படுவான்கரையாக இருந்தால் முதலில் அவரைத்தான் கேட்டிருப்பார்கள்.

நம் காலத்துக்கு வந்தால், 2003 இல் இங்கிலாந்திலே இரண்டு தகப்பன்மார் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவருடைய மகளுக்கு நான்கு வயது, மற்றவருடைய மகளுக்குப் பத்து. பிள்ளைகள் தாய்மாரோடு வாழ்ந்தவர்கள். தடுப்பூசிகள் போட வேண்டும் என்று தகப்பன்மாரும் கூடாதென்று தாய்மாரும் வாதிட்டார்கள். சின்னமுத்துத் தடுப்பூசியை மூளைக் குறைபாட்டோடு தொடர்புபடுத்தி 1998 இல் வெளிவந்த ஒரு கட்டுரை அப்போது உலகமெங்கும் தாய்மாரை அச்சுறுத்திக்கொண்டிருந்தது. 2010 இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே அதை மீளப்பெற்றுவிட்டது. ஆனால் நீதிபதிகள் அதுவரை காத்திருக்கவில்லை. பிள்ளையின் நலன் எது என்று பார்த்து ஊசி போடும்படி தீர்ப்பளித்தார்கள், மேன்முறையீட்டிலும் அதுவே நின்றது. தாய்மாமன் நின்ற இடத்திலே நீதிபதி வந்து நின்றார். தீர்ப்புத்தான் மறுபக்கமாகப் போயிற்று.

இவையெல்லாம் இருக்க, எங்கள் மண்ணிலே இந்தக் கணவன் மனைவி வழக்குக்கு ஒரு விளையாட்டே இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அதுதான் கொம்புமுறி. மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் பரவினாலும் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் கட்சி, தென்சேரியார் கண்ணகி கட்சி. உறுதியான வளைந்த மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, இரு பக்கமும் கயிறு பூட்டி, இரு கட்சியாரும் பலங்கொண்ட மட்டும் இழுப்பார்கள். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர் தோற்றவரை ஏசிப் பாடுவதற்கு அன்று முழு அனுமதி உண்டு. கெட்ட வார்த்தைக்கும் குறைவில்லை என்பர், அதையெல்லாம் வானொலியிலே சொல்ல முடியாது! சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டோடு சேர்ந்து நடந்த ‘அங்கெலிய’ என்ற விளையாட்டும் இதே வகையானது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984 இல் வெளியிட்ட பெருநூலிலே அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இதை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் அம்மையிலே கிடக்கிறார்கள். ஊர் கூடி என்ன செய்கிறது? ஒரு கணவனுக்கும் ஒரு மனைவிக்கும் இடையிலான வழக்கை எடுத்து, அதை வெட்டவெளிக்குக் கொண்டுவந்து, கயிறு பூட்டி இழுத்து, முறித்து, ஏசித் தீர்த்துக்கொள்கிறது. தென்சேரிக்குப் பெண்கள், வடசேரிக்கு ஆண்கள் என்றில்லை. பிறந்த சேரியைக் கொண்டே கட்சி. ஆகவே ஒரே வீட்டிலே கணவன் ஒரு சேரியாகவும் மனைவி மறு சேரியாகவும் இருக்க இடமுண்டு. அப்படிப்பட்ட வீடுகளிலே கொம்புமுறிக் காலம் முடியும்வரை சமையல் எப்படி நடந்ததென்று கேட்டால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள்.

அம்மைப்பால் வென்றது. 1975 இல் வங்காளதேசத்தின் போலாத் தீவிலே ஒரு சிறுமிக்கு வந்ததே ஆசியாவிலே கடைசிப் பெரியம்மை. 1977 ஒக்டோபரில் சோமாலியாவிலே இயற்கையாக வந்த கடைசி நோயாளி. 1980 மே 8 இல் உலக சுகாதார மன்றம் நோய் ஒழிந்ததென்று அறிவித்தது. கொப்புளிப்பானும் சின்னமுத்தும் வந்தால் இன்றும் எங்கள் பக்கத்து வாசல்களிலே வேப்பங்குழை கட்டுகிறார்கள், வைகாசியிலே குளிர்த்தியும் பாடுகிறார்கள். அதே வாசலுக்குக் குடும்பநல மாதும் வருகிறா. பிள்ளை பிறந்த வீட்டைத் தேடி வந்து, எந்தெந்த மாதம் எந்த ஊசி என்பதைப் பிள்ளையின் பதிவேட்டிலே குறித்துக் கொடுக்கிறா. இலங்கையிலே தடுப்பூசி பெறும் பிள்ளைகளின் தொகை நூற்றுக்குத் தொண்ணூறையும் தாண்டி நிற்பதற்கு இந்தப் பெண்களின் நடையும் ஒரு காரணம். அவர்கள் வந்ததும் பேசுவது தாயோடு, அம்மம்மாவோடு. தகப்பன் வீட்டிலே நின்றால் அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்வார்கள். பதிவேடு தாயின் அலுமாரியிலே, வீட்டு உறுதியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும்.